மூச்சு முட்டிய எஞ்சின்

7

போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்று மட்டும் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஏறக்குறையத் தானும் படுத்தபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் காந்திமதி.

"யக்கா, வண்டி பூட்ச்சு. நாடி புடிச்சது போதும், எந்திரி," என்றான் டில்லிபாபு.

காந்திமதிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவள். ஒரு லாரிச் சரக்கு தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறு மாதமே கம்பெனி அவளுக்கு மாலை போட்டு விருப்ப ஓய்வில் அனுப்பிவைத்தது. விருப்பம் கம்பெனியுடையது. இப்போது படப்பையில் ஒரு பிரியாணிக் கடையின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். வருகிறவர்களில் பாதிப்பேர் பார்சல் கேட்டுத்தான் வருகிறார்கள்.

டில்லிபாபு அவளுடைய உதவியாளன். மணிமங்கலத்துக்காரன், முன்னாள் கம்பெனி பஸ் டிரைவர். பஸ்ஸில் தூங்கிப்போன ஹெச்.ஆர். மேனேஜரை எழுப்பாமல் வாலாஜாபாத் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டதால் வேலை போயிற்று. அதற்காக அவன் இன்றுவரை வருந்தியதில்லை.

"பாத்தாச்சா மேடம்?" என்று கேட்டபடி சப்-இன்ஸ்பெக்டர் மோகன் வந்தார். மணி பதினொன்றரை. "நாலு மணிக்குக் கோர்ட்ல இருக்கணும். கேஸு ரொம்ப சிம்பிள்."

போலீஸ்காரர்கள் சிம்பிள் என்று சொல்லும் கேஸ்களில் ஏழையாக ஒருவர் மாட்டியிருப்பார். இங்கே மாட்டியிருந்தவள் தங்கமாரி, வயது இருபத்தொன்பது. கோவில்பட்டியிலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டுச் சேரப்பணஞ்சேரியில் பைக் எஞ்சின்களை மாற்றியமைக்கும் கடை போட்டவள். கொட்டகை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிடிபட்டதும் காந்திமதிக்குப் போன் போட்டு வரவழைத்தவள் அவள்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. கொலை முயற்சி கேஸ் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? இன்று மாலை உள்ளே போனால் கடைக்குப் பூட்டு, அப்புறம் எவன் அவளிடம் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்?

நடந்தது இதுதான். சக்கர அச்சு செய்யும் ஆக்ஸில் கம்பெனியின் சூப்பர்வைசர் சிவசங்கர் தன் பைக் எஞ்சினைப் பெரிதாக்கச் சொன்னார். தங்கமாரி பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தாள். பெரிய பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எஞ்சினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க் கேஸில், காற்றை அமுக்கும். அந்தக் காற்று வெளியே போக ஒரு மூச்சுக்குழாய் வேண்டும். கம்பெனி கொடுத்த ஒல்லிக் குழாய் போதவில்லை. அதனால் அவள் தடித்த குழாய் ஒன்றைப் போட்டாள். காற்று வெளியே மட்டும் போகும்படி நடுவில் ஒன்வே வால்வு வைத்தாள். காற்றோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கக் கடைசியில் கேட்ச் கேன் என்கிற சின்ன டப்பாவையும் பொருத்தினாள். அழகான வேலை. ஆனால் இப்போது வால்வின் மேலிருந்த அம்பு வெளியே பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்பு உள்ள பாக்குது மேடம்," என்றார் மோகன். "காத்து உள்ள போவும், வெளிய வராது. உப்பிப்போயி ஆயில் சீல் பிச்சிக்கிச்சு. பின் டயர் பூரா ஆயில். சிவசங்கர் சார் வளைவுல சறுக்கி விழுந்து, காலு ஒடஞ்சு படுத்துக்கினு கீறாரு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி இந்தப் பொண்ணு அவரப் பாத்து, ஒரு நாள் கவுந்துதான் போவீங்கன்னு நாலு பேரு எதிர்ல சொல்லிருக்கு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"ஸ்பீடா ஓட்டாதீங்கன்னு சொன்னேன் சார்," என்றாள் தங்கமாரி. "அதச் சொன்னது குத்தமா?"

"வால்வை எப்படி மாட்டின?" என்று கேட்டாள் காந்திமதி.

"வாயில வச்சு ஊதிப் பாத்துத்தான் மாட்டுவேன்க்கா. மூணு தடவ ஊதுனேன். அம்பு வெளியத்தான் பாத்துச்சு."

"போட்டோ இருக்கா?" என்றார் மோகன்.

"கையி ரெண்டும் கிரீஸ்ல கெடக்கும்போது போட்டோ எங்கிட்டு எடுக்க?"

மோகன் காந்திமதியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பொம்பளைங்களுக்கு இந்த லெஃப்டு ரைட்டு, உள்ள வெளியன்றது கொஞ்சம் கொழம்பும்."

"வெளிய உங்க ஸ்டேஷன் போர்டுல அம்பு எதிர்க்க கீற கறிக்கடையக் காட்டுது சார்," என்றான் டில்லிபாபு. "அத எந்தப் பொம்பள மாட்டிச்சு?"

காந்திமதி கேட்ச் கேனின் மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தாள். விரல் குளித்துவிட்டு வந்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"மாட்டின முதல் வாரம் இதுல எவ்வளவு எண்ணெய் சேர்ந்தது?"

"ரெண்டு ஸ்பூன் இருக்கும்க்கா. சர்வீஸுக்கு வந்தப்ப நாந்தான் கழத்தி ஊத்துனேன். அது ஆச்சு பதினோரு நாளு."

"கேட்டீங்களா சார்? முதல் வாரம் ரெண்டு ஸ்பூன். அப்புறம் பதினோரு நாள் ஒரு சொட்டு இல்ல. அப்போ முதல் வாரம் வால்வு சரியாத்தான் இருந்திருக்கு. பிறகுதான் யாரோ திருப்பியிருக்காங்க."

"சர்வீஸ் அன்னிக்கு இந்தப் பொண்ணே திருப்பி மாட்டியிருக்கும்."

சந்தேகம் நியாயமானது. மோகனிடமிருந்து அப்படி ஒன்று வந்ததில் காந்திமதிக்கே கொஞ்சம் ஆச்சரியம். "டில்லி, டார்ச் அடி," என்றாள்.

வால்வையும் குழாயையும் சேர்த்துப் பிடித்திருந்த ஹோஸ் கிளிப்பின் மேல் வெளிச்சம் விழுந்தது. எண்ணெய் அழுக்கைத் துணியால் ஒற்றி எடுத்தாள். கிளிப்பின் ஸ்க்ரூ தலையிலிருந்து பட்டை வரைக்கும் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"பொட்டு வச்சிக்கினு கீது," என்றான் டில்லிபாபு.

"தங்கமாரி, உன் கடையில பெயிண்ட் பேனா வச்சிருக்கியா?"

"பேனாவா? கையால இறுக்கிப் பாப்பேன்க்கா, அம்புட்டுத்தான்."

"எங்கயாவது பெயிண்ட் பட்டிருக்கும்," என்றார் மோகன்.

"நேர்க்கோடாப் பட்டிருக்குமா சார்?" காந்திமதி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "இந்த ரோட்டுல இருக்கற எந்தக் கம்பெனி லைன்லயும் பாருங்க. ஸ்க்ரூவை அளவா முறுக்கினவன் மஞ்சள் கோடு போடணும். நாளைக்கு அது தளர்ந்தா கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும். அதைச் சரிபார்த்தவர் பச்சைப் புள்ளி வைக்கணும். வருஷக்கணக்கா இதே வேலை செஞ்ச கை, தூக்கத்துல முறுக்கினாலும் கோடு போடும். இந்த வால்வைத் திருப்பினது கம்பெனி ஆளு. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு."

டில்லிபாபு கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஒருத்தன் வந்து கொலைக்கு ஏற்பாடு பண்ணி, கோடு போட்ருக்கான். இன்னொருத்தன் வந்து கொலை சரியா கீதான்னு செக் பண்ணி புள்ளி வச்சிருக்கான். கொலைக்கே ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்கிருவானுங்க போலகீதே."

"எனக்கு நாலு மணிக்குக் கோர்ட்டு," என்றார் மோகன். கறிக்கடைப் பேச்சு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

*

ஆக்ஸில் கம்பெனியின் கேட்டில் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விடும். வாசலில் பஸ் நீளத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தது. 'கழிவு ஒழிப்பு மாதம். ஒரு சொட்டும் வீணாகாது.' அதே பேனர் கேட்டுக்குள் இன்னொன்று, கேன்டீன் சுவரில் இன்னொன்று.

"இத்தினி துணி கழிவுல சேராதா?" என்று கேட்டான் டில்லிபாபு.

அவனுடைய பழைய பஸ் டிரைவர் சிநேகிதர்கள் எல்லாருக்கும் கம்பெனியின் உள்விவகாரம் மேனேஜரைவிட நன்றாகத் தெரியும். பத்து நிமிஷத்தில் அவன் தகவலோடு வந்தான். சிவசங்கரின் லைனில் நாற்பத்திரண்டு பேர். பாத்ரூம் போக டோக்கன் வைத்தவர் சிவசங்கர். தண்ணீர் பாட்டிலில் அளவுக்கோடு ஒட்டியவர் சிவசங்கர். கொட்டாவி விட்டவனுக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னவரும் அவரே.

"நாப்பத்திரண்டு பேருக்கும் அவரத் தூக்கறதுக்குக் காரணம் கீதுக்கா. நாப்பத்திரண்டுமே நல்ல காரணம்."

"முறுக்கற வேலை யாருக்கு?"

"நரசிம்மன்னு ஒரு புள்ள. தோ வரான் பாரு."

நரசிம்மனுக்கு முப்பது வயதிருக்கும். சேரப்பணஞ்சேரிக்காரன். அவன் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது கம்பெனியின் கார் பார்க்கிங் இருக்கிறது. அங்கே நிறுத்த அவன் வண்டிக்கு அனுமதி கிடையாது. வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

டில்லிபாபு அவன் தோளில் கைபோட்டு அவனை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். காந்திமதி டீ சொன்னாள். தானும் கம்பெனியில் இருந்தவள் என்று சொல்லி, ஓ.டி. பற்றி, கேன்டீன் சாம்பார் பற்றிப் பேசினாள். நரசிம்மன் டீயை ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தபோது, ஏதோ ஞாபகம் வந்தவள்போல் கேட்டாள்.

"ஹோஸ் கிளிப்புக்கு எவ்வளவு முறுக்கு வைப்பே?"

"நாலு நியூட்டன் மீட்டர் மேடம்," என்றான் நரசிம்மன்.

"நீங்க செய்யறது ஆக்ஸில். ஆக்ஸில்ல ஹோஸ் கிளிப் எங்கப்பா வருது?"

நரசிம்மன் டீயைக் கீழே வைத்தான். முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து ஓடலாமா என்று ஒருமுறை பஸ்ஸைப் பார்த்தான். பஸ் பக்கத்தில் டில்லிபாபு வடையோடு நின்றுகொண்டிருந்தான்.

"நான் கான்ட்ராக்ட் மேடம்," என்றான் மெதுவாக. "பதினோரு மாசம் ஆனா ஒரு நாள் வெளிய அனுப்பிட்டு, மறுநாள் புதுசா எடுப்பாங்க. இப்ப ஆறாவது தபா புதுசா கீறேன். ஏதாச்சும் பேசினா அந்த மறுநாள் வராது."

"யார் மாட்டச் சொன்னதுன்னு நான் கேக்கல. உன் பேரும் என் வாயிலருந்து வராது. இது மட்டும் சொல்லு. அம்பு எஞ்சினைப் பாக்குதுன்னு மாட்டும்போது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இது வெளியப் பாக்கணும்னு சொன்னேன்."

"சொன்னதுக்கு?"

"எழுதிக்கினாங்க."

"எழுதிக்கிட்டாங்களா?" காந்திமதியின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. அது நல்லவர்களுக்கான சிரிப்பு அல்ல. "நீ வீட்டுக்குப் போப்பா. டீயைக் குடிச்சிட்டுப் போ."

டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகும் புரியவில்லை. "யக்கா, ஆளு கையில மாட்டினப்புறம் டீ வாங்கிக் குடுத்து அனுப்புனா இன்னா அர்த்தம்? அவனப் புடிச்சிக் குடுத்தா அந்தப் பொண்ணு வெளிய வந்துரும்ல?"

"ஒரு கூலிக்காரியை எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு கூலிக்காரனை வைக்கறதுக்கு எதுக்கு டிடெக்டிவ்? அதை மோகனே செஞ்சுடுவாரு." அவள் குரலில் கோபம் இருந்தது. "அவருக்குப் போன் போடு. கோர்ட்டுக்குப் போற வழியில ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. கொலையாளியைக் காட்டறேன்னு சொல்லு."

*

மூன்றேகால் மணிக்கு மோகன் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்புக்குள் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் தங்கமாரி உட்கார்ந்திருந்தாள். காந்திமதியைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், கான்ஸ்டபிள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பத்து நிமிஷம்," என்றார் மோகன்.

இரண்டாவது மாடி அறையில் சிவசங்கர் இடது காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். வயது நாற்பத்தைந்து. படுத்த படுக்கையிலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. காலை மாத்திரைக்கு ஒரு டப்பா, ராத்திரி மாத்திரைக்கு ஒரு டப்பா, இரண்டுக்கும் ஸ்டிக்கர். தண்ணீர் ஜக்கின் அடியில் மேசைமேல் வட்டம் வரைந்து 'ஜக்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி காவேரி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வட்டம் வரையவில்லை.

"அந்தப் பொண்ணை ரிமாண்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டார் சிவசங்கர்.

"அதுல ஒரு சிக்கல் சார்," என்றாள் காந்திமதி. "வால்வைத் திருப்பி மாட்டினது உங்க லைன் ஆளு. கிளிப்புல மஞ்சள் கோடு இருக்கு."

சிவசங்கரின் கண்கள் ஒருமுறை மோகனிடம் போய்த் திரும்பின. "அப்படியெல்லாம் இருக்காது. என் வண்டியை வேற யாரும் தொடலைன்னு ஸ்டேட்மென்ட்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"தொட்டிருக்காங்க. கோடு சுத்தமா இருக்கு, அதுல குத்தம் சொல்ல முடியாது. பச்சைப் புள்ளிதான் போலி."

"போலின்னா?"

"செக்கிங்னா என்னன்னே தெரியாத எவனோ வச்சது. புள்ளி கோணல். கீழ வேற வழிஞ்சிருக்கு. இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டில இருந்தவ சொல்றேன். என் லைன்ல ஒருத்தன் இப்படிப் புள்ளி வச்சிருந்தான்னா அவன் கையில மறுபடி பேனாவே குடுத்திருக்க மாட்டேன்."

சிவசங்கர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். வலியில் முகம் கோணியது, ஆனாலும் தூக்கினார்.

"கோணலா இருக்காது மேடம்."

"நான் பார்த்துட்டு வந்து சொல்றேன். நீங்க பாக்காம சொல்றீங்களே."

"கரெக்டா நடுவுல இருக்கும். மூணு மில்லிமீட்டர். வழியறதுக்குச் சான்ஸே இல்ல. வச்சதும் பத்து செகண்ட் ஊதிக் காய வைப்பேன்."

காவேரி சாத்துக்குடியைக் கீழே வைத்தாள். டில்லிபாபு சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மோகனுக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சார்," என்றார் மோகன் மெல்ல. "அந்தப் புள்ளி நீங்க வச்சதா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது சிவசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் மயக்கம் வந்ததுபோல் நடித்திருப்பான். சிவசங்கர் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்.

"இதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. கழிவு ஒழிப்பு மாசம் நடக்குது. எங்க லைன்லதான் கம்பெனியிலேயே கழிவு கம்மி. அந்தப் பொண்ணு ஒரு டப்பாவை மாட்டி வச்சிருக்கு, வாரத்துக்கு ரெண்டு ஸ்பூன் எண்ணெய் அதுல வீணாப் போகுது. வருஷத்துக்கு நூறு ஸ்பூன். அதைப் பத்தி யாராவது யோசிச்சாங்களா? நான் யோசிச்சேன். வால்வைத் திருப்பினேன். மறுநாளே கழிவு ஜீரோ. டப்பா காஞ்சு கெடந்தது. நாலு நாள் கம்பெனிக்குப் போய் வந்தேன், வண்டி அருமையா இருந்தது. அன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் போனேன், அந்தப் பொண்ணு போட்ட சீல் தாங்கல. அதுக்கு நான் பொறுப்பா?"

"அது கழிவு இல்ல சார்," என்றாள் காந்திமதி. "எஞ்சின் மூச்சு விட்டதுல ஒட்டியிருந்த ஈரம். நீங்க நிறுத்தினது அந்த மூச்சை."

"அப்ப யாரும் தொடலன்னு ஏன் எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் மோகன். அவர் குரலில் இருந்த சார் காணாமல் போயிருந்தது.

"ஷிப்ட் நேரத்துல சொந்த வேலை செஞ்சா டிஸ்மிஸ். அது பாலிசி." சிவசங்கர் கொஞ்சம் தயங்கினார். "அந்த பாலிசியை எழுதினதே நான்தான்."

இப்போது காவேரி எழுந்தாள். இத்தனை நேரம் பேசாமலிருந்ததற்குச் சேர்த்துப் பேசினாள். "ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போவுதுன்னு தெரிஞ்சும் கம்முனு படுத்துக்கினு இருந்தீங்களா? உங்க புள்ளையா இருந்தா இருப்பீங்களா?"

"காவேரி, இது உனக்குப் புரியாது. யார் மாட்டினதுன்னு பாக்கணும். மாட்டினது நான் இல்ல, நரசிம்மன்னு ஒரு கான்ட்ராக்ட் பையன். மாட்டினவன் பேர்லதான் பொறுப்பு வரும். சார், அவனை விசாரிங்க."

மோகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நரசிம்மன் என்று எழுதக்கூடச் செய்தார். எதிரில் படுத்திருந்தவர் சூப்பர்வைசர், பெயரோ கான்ட்ராக்ட்காரனுடையது. போலீஸ் பேனா எப்போதும் சரிவான பக்கம்தான் ஓடும்.

"அம்மா," என்றாள் காந்திமதி காவேரியிடம். "வீட்டுல எதையாவது மாத்தினா, சார் அதைப் படம் எடுத்து எழுதிவைப்பாரா?"

"எழுதறதா? அடுப்படியில மொளகாத்தூள் டப்பாவ எடம் மாத்தினதுக்கு மூணு பக்கம் எழுதி எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டாரு. எங்க நாத்தனாரு இன்னிக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. வண்டிக்குந்தான் போட்டாரு." காவேரி போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"காவேரி, அது பர்சனல்," என்றார் சிவசங்கர்.

"நாப்பது பேரு கீற குரூப்புல இன்னா பர்சனலு?"

படம் கிடைத்தது. கம்பெனிகளில் கைசன் ஷீட் என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன முன்னேற்றங்களை எழுதிவைக்க ஜப்பான்காரன் கண்டுபிடித்தது. ஒரகடத்துக்கு வந்த பிறகு, செய்த காரியம் எதுவானாலும் அதற்கு இரண்டு போட்டோவும் மூன்று கையெழுத்தும் என்றாகிவிட்டது. இடது பக்கம் 'முன்பு', அம்பு வெளியே பார்க்கிறது. வலது பக்கம் 'பின்பு', அம்பு எஞ்சினைப் பார்க்கிறது. நடுவில் தடித்த எழுத்தில் 'எண்ணெய்க் கழிவு: நூறு சதவீதம் குறைப்பு'. திட்டமிட்டவர் சிவசங்கர், சரிபார்த்தவர் சிவசங்கர், ஒப்புதல் அளித்தவர் சிவசங்கர். தேதி, விபத்துக்கு ஐந்து நாள் முன்பு.

காந்திமதி படத்தைப் பெரிதாக்கி மோகனிடம் நீட்டினாள். "கீழ கடைசி வரியைப் படிங்க சார். ஆபரேட்டர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியா விட இவருக்கு மனசு வந்திருக்காது."

மோகன் வாய்விட்டே படித்தார். "ஆபரேட்டர் கருத்து: அம்பு வெளியே பார்க்க வேண்டும். முடிவு: நிராகரிக்கப்பட்டது. ஒப்பம், சிவசங்கர்."

"ஒரு கட்டத்தைக் காலியா உட்ருந்தா தப்பிச்சிருப்பீங்களே சார்," என்றான் டில்லிபாபு. "உங்க டிசிப்ளின் உங்களக் கவுத்துருச்சு."

சிவசங்கர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனாலும் மூல காரணம் அந்தப் பொண்ணுதான்," என்றார். "டப்பாவே வைக்காம இருந்திருந்தா எண்ணெய் போறது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

காவேரி சாத்துக்குடித் தட்டை எடுத்துக்கொண்டுபோய் டில்லிபாபுவின் கையில் கொடுத்தாள். மோகன் நோட்டில் எழுதிய பெயரை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

*

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மணி நாலேகால். கோர்ட்டுக்குப் போகும் வேலை இனி இல்லை. வீடு போய்ச்சேர அவசரப்படுகிறவர் போல மோகன் ரைட்டரிடம் விடுவிப்புத் தாள் ஒன்றை எழுதி வாங்கி மேசைமேல் வைத்தார். தங்கமாரி கையெழுத்துப் போட்டால் கிளம்பலாம்.

"நல்ல நேரம் உனக்கு," என்றார். "அதுக்குன்னு மறுபடியும் இதே வேலைக்குப் போவாத. ஆம்பளைங்க வண்டி, ஆம்பளைங்க சகவாசம், எதுக்கு ரோதன? ஒரு டெய்லரிங் கடை போட்டுக்க. என் தங்கச்சிகூட போட்டுக்கினு கீறா."

தங்கமாரி பேனாவை எடுத்துவிட்டுத் தாளைப் படித்தாள். நின்றபடியே முழுதும் படித்தாள்.

"சார், இதுல தொழில்னு போட்ட எடத்துல இல்லத்தரசின்னு இருக்கு."

"ரைட்டர் எழுதினது. லேடீஸுக்கு அப்படித்தான் போடுவோம். அதனால இன்னா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அதுகூட இருக்கட்டும்." அவள் விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "காலைலருந்து வால்வத் தப்பா மாட்டுனேன், தப்பா மாட்டுனேன்னுதான் என்னைய இங்க உக்கார வச்சிருக்கீங்க. இல்லத்தரசி எப்பிடி சார் வால்வு மாட்டுவா?"

"அதான் வெளிய விட்டாச்சேம்மா. கையெழுத்துப் போட்டுட்டு கெளம்பு."

"குத்தம்னு வந்தப்ப மெக்கானிக்கு, குத்தம் இல்லன்னதும் இல்லத்தரசியா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாத்துங்க சார். நான் எங்கயும் போகல. கடை பூட்டித்தான் கெடக்கு."

மோகன் காந்திமதியைப் பார்த்தார். காந்திமதி சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். ரைட்டரும், இரண்டு கான்ஸ்டபிள்களும், தொலைந்த மாட்டுக்காகப் புகார் கொடுக்க வந்து மதியத்திலிருந்து காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மோகன் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த வார்த்தையை அடித்து, மேலே எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

தங்கமாரி பேனாவை இன்னும் தாளில் வைக்கவில்லை.

"என்ன எழுதுனீங்கன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு தடவ வாசிங்க சார்," என்றாள்.

மோகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கமாரி," என்று வாசித்தார். "வயது இருபத்தொன்பது. தொழில், எஞ்சின் மெக்கானிக்."